செம்மணற் பாலையும் உவர்க்கடலும்
உவரிக்கு ஒரு பயணம்

தாமிரபரணியின் கரையில் வாழும் நமக்குத் தண்ணீரின் அருமை அவ்வளவாகத் தெரிவதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் வரை, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தூரம், அந்த ஆறு இரு பருவ மழைகளையும் ஏந்திக்கொண்டு வற்றாது ஓடுகிறது. அதன் இரு மருங்கும் வாழையும் நெல்லும் பசுமை விரித்துக் கிடக்கின்றன. ஆனால், அந்தப் பசுமையை விட்டுத் தெற்கே ஒன்றரை மணி நேரம் பேருந்தில் சென்றால் போதும். மண்ணும் காற்றும் ஞாயிறும் வேறு முகம் காட்டுகின்றன. 'நம் மாவட்டத்திலா இப்படி ஒரு நிலம்!' என்று முதன்முறை செல்வோர் வியப்பர்.

கோடி அற்புதர் புனித அந்தோனியாரின் திருநாளாகிய ஜூன் 13-ஐ அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையன்று, நமது பங்கு மக்கள் அறுபது பேருடன் உவரிக்குத் திருப்பயணம் சென்று வந்தோம். உவரிக்குச் செல்வோர் பலரும் கோயிலைக் கண்டு, மெழுகுதிரி ஏற்றி, கடலில் கால் நனைத்துத் திரும்பிவிடுகின்றனர். அந்த நிலத்தையும் அதன் வரலாற்றையும் சற்றே அறிந்து சென்றால் பயணத்தின் பயன் இரட்டிப்பாகும் என்பது நமது துணிபு. அதற்காகவே இதனை எழுதலானோம்.

வெயிலும் காற்றும்

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி, முனைஞ்சிப்பட்டி, இட்டமொழி வழியாகத் திசையன்விளையை அடைந்து, அங்கிருந்து உவரிக்குச் செல்வது ஒரு வழி. முனைஞ்சிப்பட்டியைத் தாண்டும்போதே வயல்கள் மறைந்து உடைமரங்களும் பனைகளும் கண்ணிற் படத் தொடங்கும். மண் சிவக்கும். பேருந்தின் பலகணி வழியே வீசும் காற்றில் மணல் கலந்து வரும்.

இந்நிலம் ஏன் இப்படி வறண்டது? மேற்கே மதில் போல் நிற்கும் மலைத்தொடரே இதற்கு முதற்காரணம். ஜூன் மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் கேரளத்திலும் மலைமுகடுகளிலும் பொழிந்துவிட்டு, வெறுங்கையோடு இப்பக்கம் இறங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற இடைவெளிகளின் வழியே அது புகும்போது வேகம் மட்டும் பெருகுகிறது. அக்காற்றை நம்பியே முப்பந்தல், இராதாபுரம் பக்கங்களில் காற்றாலைகள் காடு போல் நிற்கின்றன. இந்நிலத்திற்கு உரிய மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவதே. ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பெய்வது கடலோரத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிமீட்டர் அளவுதான்.

புவியியலார் கணக்கின்படி 25 சென்டிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலமே பாலைவனம் ஆகும். அவ்வகையில் இது மெய்யான பாலைவனம் அன்று. ஆயினும் பெய்த மழை மேலே தங்காமல் மணலுக்குள் இறங்கிவிடுவதாலும், ஆண்டின் பெரும்பகுதி ஞாயிறு தடையின்றிக் காய்வதாலும், காற்று ஓயாது வீசுவதாலும் காண்பவர்க்கு இது பாலையாகவே தோன்றுகிறது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டு வறண்டால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் உரைக்கிறது. இங்கோ நெய்தலின் அருகிலேயே ஒரு பாலை படுத்திருக்கிறது.

இயற்கை தன் கணக்கை மாற்றிக்கொள்வதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவியலாது. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதை விட அதிகமான மழை ஓர் இரவும் பகலுமாகப் பெய்து முடிந்தது. வறண்ட நிலத்து மக்கள் வெள்ளத்தில் தவித்தனர்.

வெளியூரிலிருந்து வருவோர்க்கு ஒரு சொல்: நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே இங்கு வர ஏற்றவை. சித்திரை, வைகாசியில் உள்நாட்டு வெப்பம் 38 பாகை செல்சியஸை எட்டும். ஆனி, ஆடியில் வெப்பம் சற்றுத் தணியினும் மணற்காற்று கண்ணைத் திறக்கவிடாது. தலைக்கு ஒரு துண்டும், கையில் ஒரு குடிநீர்ப் பாத்திரமும் எக்காலத்தும் தேவை.

தேரி என்னும் செம்மணற்கடல்

இப்பகுதிச் செம்மணற் குன்றுகளுக்குத் 'தேரி' என்று பெயர். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்திற்கும் இடைப்பட்ட குதிரைமொழித் தேரி இவற்றுள் பெரிது. காற்று இழைத்த மணல் வரிகள், அலை உறைந்துவிட்ட கடலைப் போல், கண்ணுக்கெட்டும் தூரம் கிடக்கும். மாலை வெயில் அதன்மேல் படும்போது தீப்பற்றியது போல் ஒளிரும்.

இம்மணல் எங்கிருந்து வந்தது? கணவாய்களின் வழியே வீசும் அதே தென்மேற்குக் காற்று, மலையடிவாரத்துச் செம்மண்ணை வாரி வந்து, கடற்கரையை நெருங்கியதும் இட்டுச் சென்றது என்பர் ஆய்வாளர். மணலின் ஒவ்வொரு துகளையும் இரும்புத் துரு மெல்லிய போர்வையாகப் போர்த்தியிருப்பதால் இந்நிறம். ஒரு நாளில் ஓராண்டில் நடந்த செயலன்று இது. பல்லாயிரம் ஆண்டுகளின் வேலை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குதிரைமொழி முதலிய இடங்களின் தேரிகளில் கற்கால மனிதர் செய்த சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைத்துள்ளன. சொய்னர், ஆல்ச்சின் ஆகிய இரு அறிஞர் 1956-இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினர். நாம் வெறும் மணல் என்று மிதித்துச் செல்லும் இடத்தில், எழுத்தும் ஏரும் அறியாத நம் முன்னோர் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்திருக்கின்றனர்.

இந்நிலத்தைக் காத்து நிற்பது பனை. வேர்களால் மணலைப் பற்றி நிறுத்துவதும், மனிதருக்கு உணவு தருவதும் அதுவே. விடியுமுன் பனையேறி உச்சிக்குச் சென்று பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சுண்ணாம்பு இல்லாவிடில் சாறு புளித்துக் கள்ளாகும். சுண்ணாம்பு இருந்தால் இனிக்கும் பதநீராகும். அதனைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளதை வாசகர் அறிவர். வழியில் நிறுத்தி, பனையோலைப் பட்டையில் நுங்கு இட்டு ஊற்றிய பதநீரை அனைவரும் அருந்தினோம். ஒரு மரத்தில் இருமுறை மூன்றுமுறை ஏறி இறங்கும் அந்த உழைப்பிற்கு நாம் கொடுத்த விலை ஈடாகாது என்பதை எண்ணி நாணினோம்.

திசையன்விளையை அடுத்த இடையன்குடியும் இத்தேரி நாட்டு ஊரே. 1841-இல் அங்கு வந்து தங்கிய ஆங்கிலத் திருச்சபைப் பேராயர் கால்டுவெல், அரை நூற்றாண்டுக் காலம் இந்த வெயிலைப் பொறுத்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும், 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தையும் நமக்கு விட்டுச் சென்றார். அவர் எழுப்பத் தொடங்கிய ஆலயம் முடிவுற 33 ஆண்டுகள் ஆயின. சபை வேறாயினும் அப்பொறுமையை வணங்காமல் இருக்க இயலுமோ?

மணலுக்குள் நன்னீர்

பாலைக்குள் நீர் இல்லை என்று எண்ணிவிடலாகாது. மேலைப் புதுக்குடியில் தேரியின் நடுவே அருஞ்சுனை ஒன்று உண்டு. அங்குள்ள அய்யனார் கோயிலே அச்சுனையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருச்செந்தூர்க் கடலின் ஓரத்திலேயே நாழிக்கிணறு நன்னீர் தருகிறது. மணப்பாட்டில் புனித சவேரியார் தங்கியிருந்த கடற்பாறைக் குகையிலும் குடிக்கத்தக்க நீர் ஊறும் கிணறு இருக்கிறது.

இவை நம்பிக்கையாளர்க்கு அருள் அடையாளங்கள். அறிவியலார்க்கு இவற்றிற்கு விளக்கமும் உண்டு. மணல், மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நன்னீர் உப்புநீரை விட எடை குறைந்தது. ஆகவே நிலத்தடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு எடுத்தால் இனிக்கும். ஆழ்குழாய் இறக்கி அளவின்றி உறிஞ்சினால் கீழிருந்து உவர் மேலேறும். ஒருமுறை ஏறிய உவர் எளிதில் இறங்குவதில்லை.

நமது தாமிரபரணியின் வெள்ள உபரிநீரை இவ்வறண்ட பகுதிக்குக் கொண்டுவரும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-இல் தொடங்கப்பெற்று, 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய் தேரியின் மருங்கில் முடிகிறது. ஆற்றங்கரையில் இருக்கும் நாம் நீரை அழுக்காக்கினால் அதனைக் குடிக்கப் போகிறவர் இனி இத்தேரி மக்களும்தான் என்பதை நினைவிற் கொள்வோமாக.

கச்சான் காற்றும் சவேரியாரும்

உவரி என்னும் சொல்லுக்கே உவர்நீர், கடல் எனப் பொருள். விவிலியத்தில் சாலமோன் மன்னனின் கப்பல்கள் பொன் கொணர்ந்த 'ஓபீர்' என்னும் துறை இவ்வூரே எனச் சொல்வாரும் உளர். ஓபீரை அரேபியாவிலும் மும்பைக்கு அருகிலும் தேடிய அறிஞர்களும் உண்டு. சான்று இல்லாததைச் சத்தியம் என நாம் கூறல் வேண்டா. ஓபீராக இல்லாவிடினும் உவரிக்குப் பெருமை குறையப் போவதில்லை.

ஐயத்திற்கு இடமற்ற வரலாறு முத்துக்குளித்துறையின் வரலாறு. 1535-க்கும் 1537-க்கும் இடையில் இக்கடற்கரைப் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542 அக்டோபரில் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். கையில் சிறு மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று குழந்தைகளைக் கூட்டி, தமக்குப் புதிதான தமிழில் செபங்களைக் கற்பித்தார்.

1544-இல் வடுகர் படையெடுப்பு நேர்ந்தது. தெற்குக் கரையோர மக்கள் வீடுவாசலை விட்டோடிக் குமரி முனையின் கடற்பாறைகளில் ஒளிந்தனர். அங்கே உணவும் தண்ணீரும் இன்றி மடிந்துகொண்டிருந்தனர். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவுப்பொருள் ஏற்றிப் புறப்பட்டார். அது ஜூன் மாதம். எதிர்க்காற்று தோணிகளை முன்னேற விடவில்லை. துடுப்பு வலித்தும் பயனில்லாமல், ஏறத்தாழ எட்டு நாள் போராட்டத்திற்குப் பின் மணப்பாட்டிற்கே திரும்பினார். காற்று தணிந்தால் மீண்டும் கிளம்புவதாக மன்சிலாஸ் என்னும் தம் உடனுழைப்பாளருக்கு எழுதினார். அதன்பின் நிலவழியே குமரிமுனைக்குச் சென்று அம்மக்களைக் கண்டார்.

மணப்பாட்டிலிருந்து குமரிக்குச் செல்லும் கடலோரத்தில்தான் உவரி இருக்கிறது. நாம் சென்றதும் அதே ஜூன் மாதம். கடற்கரையில் நின்றபோது காற்று மணலை வாரி முகத்தில் அறைந்தது. "இது கச்சான் காற்று, சாமி. இதை எதிர்த்து வலித்தால் கை விட்டுப்போகும்," என்றார் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். தேரியை உருவாக்கிய காற்றும், சவேரியாரைத் தடுத்து நிறுத்திய காற்றும், அன்று நம் மேலாடையை இழுத்த காற்றும் ஒன்றே. புனிதருக்கும் இயற்கை வழிவிடவில்லை. ஆனால் கடல்வழி அடைபட்டபோது கால்நடையாகச் சென்றாரே, அங்கே அவர் புனிதம் விளங்குகிறது.

தச்சர் செய்த சுரூபம்

உவரியின் புனித அந்தோனியார் திருத்தலத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியை வாசகர் கேட்டிருப்பீர். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இக்கரையை ஒட்டிச் சென்ற போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றில் வாந்திபேதி பரவியது. கப்பலில் இருந்த தச்சர் ஒருவர் மரத்தில் அந்தோனியாரின் சுரூபத்தைச் செதுக்கினார். அது செய்து முடிந்ததும் நோயாளர் நலம் பெற்றனர். நன்றியாகச் சுரூபத்தை உவரியில் விட்டுச் சென்றனர் என்பது மரபு.

புனிதர் 1195-இல் லிஸ்பன் நகரில் பிறந்து, 1231-இல் பதுவைக்கு அருகில் இறந்தவர். எகிப்துப் பாலைநிலத்தில் தவமிருந்த வனத்து அந்தோனியார் வேறு. ஆயினும், மீன்களுக்குப் போதித்தார் என்று கதை வழங்கும் பதுவைப் புனிதர், மீனவர் ஊரில், பாலையின் விளிம்பில் வந்து அமர்ந்தது பொருத்தமே. செவ்வாய்க்கிழமைகளிலும், ஆண்டுத் தொடக்கத்தில் பதின்மூன்று நாள் நடைபெறும் பெருவிழாவிலும் எல்லாச் சமயத்தாரும் கூடுகின்றனர். அருகில் உள்ள சுயம்புலிங்க சுவாமி கோயிலில் இந்துப் பெருமக்கள் கடல்மணலை ஓலைப்பெட்டியில் தலைச்சுமையாகச் சுமந்து வந்து குவித்து நேர்ச்சை செலுத்துகின்றனர். கப்பல் வடிவில், மேலே வானூர்தியுடன் எழுந்து நிற்கும் கப்பல் மாதா கோயிலைக் குழந்தைகள் விட்டு வர மனமின்றி நின்றனர்.

ஆனால், இத்தலத்திற்கு வருவோரில் ஒரு சாராரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் தகாது. மனநோயுற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, நாள்கணக்கில், மாதக்கணக்கில் தங்கியிருக்கும் பெற்றோர் அவர்கள். நம்முடன் வந்த குடும்பம் ஒன்றும் அத்தகையதே. இருபத்து நான்கு வயது மகன். மூன்றாண்டுகளாக யாரோடும் பேசுவதில்லை. திருப்பலிக்குப் பின் அத்தாயிடம், "மருத்துவர் கொடுத்த மாத்திரை நடக்கிறதா, அம்மா?" என வினவினோம்.

அவர் தலைகுனிந்தார். "நிறுத்திவிட்டோம், சாமி. அந்தோனியாரை நம்பி வந்தபிறகு மாத்திரையும் கொடுத்தால், அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா?"

நமக்கு நெஞ்சு சுட்டது. காரணம் உண்டு. குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் இதே போன்ற குடும்பம் ஒன்று நம்மிடம் வந்தது. "உவரிக்குப் போய்த் தங்கிச் செபியுங்கள், எல்லாம் சரியாகும்," என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். மருத்துவரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டோமில்லை. ஆறு மாதம் கழித்து அப்பிள்ளை முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்தான். 'முன்பே கொண்டுவந்திருந்தால்' என்று மருத்துவர் சொன்னது இன்றும் நம் செவியில் இருக்கிறது. அக்குறை புனிதருடையதன்று, தலத்தினுடையதும் அன்று, நம்முடையது.

ஆகவே அத்தாயிடம் சொன்னோம்: "அம்மா, அந்தக் கப்பலில் புனிதர் சுகம் கொடுத்தார் என்று நம்புகிறோம். ஆனால் அங்கும் ஒரு தச்சர் உளியைக் கையில் எடுத்து வேலை செய்தாரே! அவர் கையைக் கொண்டு அருள் செயற்பட்டால், மருத்துவர் கையைக் கொண்டு செயற்படாதா? சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். மருத்துவரைப் படைத்தவர் ஆண்டவர். நிலத்திலிருந்து மருந்தை விளைவிப்பவரும் அவரே. அறிவுள்ளவர் அதனை இகழார் என்று அங்கே எழுதியிருக்கிறது. செபத்தை விடாதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் நாளைக்கே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா, சாமி? அந்தோனியார் கோபித்துக்கொள்ள மாட்டாரே?" என்று கேட்டார். "அவரும் கூட வருவார்," என்றோம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதை நாடு மறக்கவில்லை. நோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது. எம்மதத் தலமாயினும், அங்கே ஆறுதல் தேடி வரும் நோயாளியும் நம்மைப் போன்ற மனிதரே.

திரும்பும் வழியில்

மாலையில் பெரியதாழை, மணப்பாடு, குலசேகரன்பட்டினம் வழியாகத் திரும்பினோம். குலசேகரன்பட்டினத்தில் விண்வெளி ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. தோணியும் பனையும் கண்ட கரையிலிருந்து இனி ஏவூர்திகள் விண்ணேறும். காலம் மாறுவது நல்லதே; மணலுக்கடியில் உள்ள நன்னீரும், அதனை நம்பி வாழும் ஏழை மக்களும் மட்டும் மறக்கப்படலாகாது.

தேரி ஓரத்தில் பேருந்தை நிறுத்தி அனைவரும் இறங்கினோம். குழந்தைகள் செம்மணலில் உருண்டு விளையாடினர். அந்த இளைஞனும் இறங்கி, ஒரு பிடி மணலை அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். தாய் அவன் தோளைப் பிடித்திருந்தார். அவன் பேசினான் என்று எழுத நமக்கு ஆசைதான், ஆனால் பேசவில்லை. மறுநாள் காலை அவர்கள் மருத்துவமனைக்குச் சென்றனர். இப்போதும் மாதந்தோறும் செல்கின்றனர். இரவில் உறங்குகிறான், கோயிலுக்கு வருகிறான், அண்மையில் தங்கையிடம் தண்ணீர் கேட்டானாம்.

அன்பு வாசகரே, உவரிக்குச் செல்லுங்கள். வெயிலுக்கு அஞ்ச வேண்டா. புனிதரிடம் உங்கள் குறையைச் சொல்லுங்கள். தலத்தின் முற்றத்தில் பேச்சற்று அமர்ந்திருக்கும் பிள்ளையையோ, அவனருகில் உறக்கமின்றி இருக்கும் தாயையோ கண்டால், விலகிச் செல்லாமல் நின்று ஒரு நல்ல சொல் கூறுங்கள். காய்ந்த மணலுக்கடியிலும் ஆண்டவர் நன்னீர் வைத்திருக்கிறார்.